பிப்ரவரியில் டிசைன் மென்பொருள் வாங்கினேன், மார்ச்சில் புது வெர்ஷன் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

அறந்தாங்கி டிடிபி:

வணக்கம். அறந்தாங்கியில் பதினோரு வருடமாக டிடிபி சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூட வினாத்தாள். கடையில் நானும் உதவிக்கு ஒரு பெண்ணும்தான். என் வீட்டில் வரும் ஒரே வருமானம் இதுதான்.

முதல் பத்து வருடம் கிராக் போட்ட, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த மென்பொருளில்தான் வேலை செய்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. போன ஐப்பசியில் அந்த கிராக்கோடு சேர்ந்து வந்த வைரஸ் ஹார்ட் டிஸ்க்கையே பூட்டிவிட்டது. நாலு வருடத்து டிசைன்கள் போயின. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி காசு கொடுத்து வாங்கியதில்தான் வேலை என்று. மாதம் 2,000 கட்டிவந்த சீட்டை தை மாதம் எடுத்தேன்.

பிப்ரவரி 10ஆம் தேதி டீலர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ், ஆஃபர் விலை, இன்னும் மூன்று நாள்தான் என்றார்கள். அவசரப்படாமல் வாட்ஸ்அப்பில் இரண்டு கேள்வி கேட்டேன். ஒன்று, "புது வெர்ஷன் ஏதாவது சீக்கிரம் வருகிறதா?" இரண்டு, "யூனிகோடு தமிழ் உடையாமல் வருமா?" யூனிகோடு என்றால் போனிலும் கம்ப்யூட்டரிலும் பொதுவாக இருக்கும் எழுத்து முறை. பதில் இரண்டே வரி: "இப்போதைக்கு எதுவும் இல்லை மேடம், இதுதான் லேட்டஸ்ட். தமிழ் எல்லாம் சரியாக வரும்." அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. 12ஆம் தேதி பணம் அனுப்பினேன். 38,000 விலை, 6,840 ஜிஎஸ்டி, மொத்தம் 44,840.

மார்ச் 3ஆம் தேதி புது வெர்ஷன் வந்துவிட்டது. பத்தொன்பது நாள்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்கள் இப்போது பத்திரிகை வாசகத்தை யாரும் தாளில் எழுதிக் கொண்டுவருவதில்லை. வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்புகிறார்கள், அது யூனிகோடு. அதை என்னிடம் உள்ள வெர்ஷனில் ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடுகிறது. "செல்வி" என்று ஒட்டினால் முதலில் ச நிற்கும், அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொம்பு நிற்கும். "கொடியேற்றம்" என்றால் கேட்கவே வேண்டாம். பதினோரு வருடமாக இதற்கு ஒரே வழி, கன்வெர்ட்டரில் போட்டு பாமினி என்ற பழைய ஃபான்ட் முறைக்கு மாற்றி, பிறகு ஒட்டி, பிறகு எழுத்தெழுத்தாகப் பார்ப்பது. காசு கொடுத்து வாங்கிய பிறகும் அதே வேலைதான். கேட்டதற்கு "ஃபான்ட் பிரச்சினை மேடம், வேறு ஃபான்ட் போட்டுப் பாருங்கள்" என்றார்கள். ஒன்பது ஃபான்ட் போட்டுப் பார்த்துவிட்டேன்.

போன வருடம் ஒரு பத்திரிகையில் குலதெய்வத்தின் பெயருக்கு முன்னால் இருக்க வேண்டிய "ஸ்ரீ" கன்வெர்ட்டரில் விழுந்துவிட்டது. நானும் பார்க்கவில்லை, வீட்டுக்காரர்களும் புரூஃபில் பார்க்கவில்லை. 400 பத்திரிகை அடித்த பிறகு பாட்டியம்மா ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அழாக்குறையாக நின்றார். என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

புது வெர்ஷனில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் நாலாவது வரி: தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகள் முறையாகச் சேர்ந்து வரும். இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

டீலரிடம் கேட்டால் அப்கிரேடு 19,500, ஜிஎஸ்டி தனி என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் கிராக் போட்டிருப்பவர் புது வெர்ஷனையும் இறக்கிவிட்டார். முதல் தடவையாகக் காசு கொடுத்து வாங்கிய நான் பழையதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். புது வெர்ஷன் வேண்டும். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? எங்கே, எப்படிக் கேட்பது?

பழைய சேல்ஸ்காரன்:

அக்கா, சென்னையில் ஒரு மென்பொருள் டீலரிடம் ஒன்பது வருடம் சேல்ஸில் இருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

கம்பெனி, டிஸ்ட்ரிபியூட்டர், டீலர் என்று மூன்று படி. புது வெர்ஷன் வரும் தேதி மேலே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. உங்களுக்குப் போன் செய்த பையனுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. அவனுக்குக் கொடுத்தது ஒரு எண்: மார்ச் 31க்குள் இத்தனை லைசென்ஸ். ஆனால் வருடம் முழுக்க விலை இறங்காத பொருளுக்குத் திடீரென்று "மூன்று நாள் ஆஃபர்" வருகிறது என்றால் காரணம் இருக்கும் என்பது அந்த அலுவலகத்தில் சீனியர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே விற்றிருக்கிறேன். திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோக்காரருக்கு மார்ச் கடைசியில் இப்படி ஒன்றைத் தள்ளிவிட்டேன், ஏப்ரலில் அவர் போன் செய்தபோது எடுக்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது செய்ய வேண்டியது. டீலரோடு பேசுவதை நிறுத்துங்கள். அவர் கையில் எதுவும் இல்லை, இன்னொரு அப்கிரேடு விற்றால் அவருக்குக் கமிஷன், அவ்வளவுதான். நேராகக் கம்பெனிக்கு மெயில் எழுதுங்கள். போன் வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். பில், சீரியல் நம்பர், ஆக்டிவேட் செய்த தேதி மூன்றையும் வைத்து, "புது வெர்ஷன் வருவதற்கு 19 நாள் முன்பு வாங்கியிருக்கிறேன், இலவச அப்கிரேடு தாருங்கள்" என்று நேராகக் கேளுங்கள். வெளியீட்டுக்கு முன் முப்பது நாள், அறுபது நாள் என்று ஒரு சலுகைக் காலம் பல கம்பெனிகளில் உண்டு. விளம்பரத்தில் போடமாட்டார்கள், கேட்பவருக்குக் கொடுப்பார்கள். உங்கள் கம்பெனியிலும் இருக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் சலுகை இருந்தால் அதற்கும் ஒரு கெடு இருக்கும், அதனால் இன்றைக்கே அனுப்புங்கள். டிக்கெட் நம்பர் (புகார் எண்) வரும், அதைக் குறித்து வையுங்கள்.

நுகர்வோர் பக்கம்:

உரிமை இருக்கிறதா என்று கேட்டீர்கள். சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன், நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன்.

முதலில் உங்களைப் போன்றவர்களிடம் எதிர்த்தரப்பு எடுக்கும் ஆயுதம், "இவர் வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே அல்ல" என்பது. 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது, உண்மைதான். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்த மட்டுமே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்றும் இருக்கிறது. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று டைப்ரைட்டர். பிழைப்புக்காக டைப்ரைட்டர் வாங்கித் தானே உட்கார்ந்து அடிப்பவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேர் வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்றது நீதிமன்றம். உங்கள் கடையை அந்தத் தீர்ப்புக்குள் அப்படியே உட்கார வைக்கலாம்.

இரண்டாவது, நீங்கள் எதை முன்னால் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். புது வெர்ஷன் வரப்போவதைச் சொல்லவில்லை என்ற புகார் மட்டும் தனியாக நின்றால் கொஞ்சம் பலவீனமானது. எங்களுக்கும் தெரியாது என்று டீலர் சொல்லிவிடுவார், தெரியும் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். உங்கள் இரண்டாவது கேள்விதான் பலம். தமிழ் உடையாமல் வருமா என்று வாங்கும் முன் எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். வரும் என்று எழுத்தில் பதில் வந்திருக்கிறது. வரவில்லை. அது வராது என்பதைக் கம்பெனியே புது வெர்ஷனின் பட்டியலில் ஒப்புக்கொண்டிருக்கிறது, முன்பே வந்திருந்தால் புதிதாகச் சேர்த்தோம் என்று எழுதுவார்களா? அந்த வாட்ஸ்அப் உரையாடலை தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனிலிருந்து அழிக்காதீர்கள். "செல்வி" உடைந்து நிற்பதை வீடியோவாகவும் எடுத்துவிடுங்கள்.

கம்பெனி பதில் சரியில்லை என்றால் 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் மாற்றிவிட்டது. டீலர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் புதுக்கோட்டைக்குப் போனால் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கோட் எழுதுபவன்:

நான் எதிர்ப் பக்கத்திலிருந்து கொஞ்சம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து விற்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. ஆறு பேர்.

புது வெர்ஷன் வரும் தேதியை முன்கூட்டி ஏன் சொல்வதில்லை என்றால், சொன்ன அன்றைக்கே விற்பனை நின்றுவிடும். இதற்கு உலகமெங்கும் சொல்லும் உதாரணம் ஆடம் ஆஸ்போர்ன். 1981இல் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டரை 1,795 டாலருக்குக் கொண்டுவந்தார், நன்றாக விற்றது. 1983 தொடக்கத்தில் அடுத்த மாடலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். டீலர்கள் பழைய மாடலுக்கான ஆர்டரை நிறுத்திக்கொண்டார்கள், அந்த செப்டம்பரிலேயே கம்பெனி திவால். போட்டிக் கம்பெனிகளும் ஒரு காரணம் என்பார்கள், ஆனால் இந்தக் கதை எங்கள் தொழிலில் எல்லோர் மனதிலும் பயமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆஸ்போர்ன் சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். அவருடைய அப்பா ரமண மகரிஷியின் அடியவர். அமெரிக்காவில் எல்லாம் முடிந்த பிறகு கடைசிக் காலத்தில் கொடைக்கானலுக்கு வந்து 2003இல் அங்கேயே காலமானார்.

ஆகவே சொல்லாமல் இருப்பதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். சொல்லாமல் விற்றால் விற்ற பிறகு சரிசெய்து கொடுக்க வேண்டும், அதுதான் நியாயம். பெரிய கம்பெனிகளுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபர் 22. அதற்கு நாலு மாதம் முன்பே, ஜூன் 26 முதல், அதற்கு முந்தைய விண்டோஸான விஸ்டா போட்ட தகுதியுள்ள கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு 7க்கு மாறிக்கொள்ளும் திட்டம் ஆரம்பித்துவிட்டார்கள். விண்டோஸ் 8க்கும் 2012 ஜூன் 2 முதல் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இங்கே 699 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வாங்குகிறவர் பயமில்லாமல் வாங்கினார், கம்பெனிக்கும் விற்பனை நிற்கவில்லை.

நாங்களும் முதல் தடவை தப்பு செய்தவர்கள்தான். ஜிஎஸ்டி வந்த 2017இல் புது வெர்ஷன் விட்டோம். மே மாதம் வாங்கிய ஒரு கடைக்காரர் ஜூலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பில்லை மேசையில் வைத்து, "தம்பி, ஜிஎஸ்டி வரப்போவது ஊருக்கே தெரியும். எனக்கு இதை விற்றபோது உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே தொண்ணூறு நாளுக்குள் வாங்கிய எல்லோருக்கும் இலவசம் என்று எழுதி ஒட்டினோம். இன்றுவரை அதுதான் எங்கள் விதி.

உங்கள் விஷயத்தில் நீங்கள் நேராகக் கேட்டிருக்கிறீர்கள். கேட்ட பிறகு "எதுவும் இல்லை" என்று சொன்னதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம்.

மதுரை அச்சு:

அக்கா, நானும் டிடிபிதான், மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். பங்குனி, சித்திரை முகூர்த்தம் காத்திருக்காது, அதனால் வேலைக்கு ஒரு வழி சொல்கிறேன்.

இங்க்ஸ்கேப் என்ற டிசைன் மென்பொருள் இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். அதில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு, ஸ்ரீ, கௌ எல்லாம் அதது இடத்தில் நிற்கும். முழுப் பத்திரிகையையும் அதில் செய்யாதீர்கள், அச்சுக்குத் தேவையான நாலு வண்ணப் பிரிப்பு அதில் சரிப்படாது. எழுத்தை மட்டும் அங்கே வைத்து, பாத்தாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆகச் சேமித்து, உங்கள் மென்பொருளில் இம்போர்ட் செய்யுங்கள். வண்ணம், பார்டர், பிள்ளையார் படம் எல்லாம் இங்கே. எழுத்து உருவமாக வந்துவிடுவதால் உடையாது. ஒரே தொல்லை, வாடிக்கையாளர் கடைசி நிமிடத்தில் பெயர் மாற்றச் சொன்னால் திரும்ப முதலிலிருந்து. அதனால் எழுத்துள்ள மூல ஃபைலைத் தனியாக வையுங்கள், நான் வாடிக்கையாளர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வைக்கிறேன்.

அப்புறம் ஒன்று. சிவகாசிக்கு அனுப்பும்போதும், வேறு டிசைனரிடம் வாங்கும்போதும் பிடிஎஃப் கேளுங்கள். புது வெர்ஷனில் சேமித்த ஃபைல் உங்கள் பழையதில் திறக்காது, இனி அந்தத் தொல்லையும் வரும்.

அறந்தாங்கி டிடிபி:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

முதலில் மதுரைத் தம்பிக்கு. அன்று ராத்திரியே இங்க்ஸ்கேப் போட்டேன். "செல்வி" என்று ஒட்டினேன், கொம்பு ச வுக்கு முன்னால் வந்து நின்றது. உதவிக்கு இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் நம் ஊர்ப் பெயர், அவள் பெயர், "கொடியேற்றம்", "சௌபாக்கியவதி" என்று ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தோம். இந்த வாரம் ஆறு பத்திரிகை அப்படித்தான் போயிருக்கிறது. பெயர் மாற்றம் வந்தால் கஷ்டம் என்றீர்களே, ஒரு பத்திரிகைக்கு மட்டும் மூன்று தடவை தாய்மாமன் பெயர் வரிசை மாறியது.

கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். ஐந்தாவது நாள் பதில் வந்தது. முப்பது நாள் சலுகை உண்டாம், ஆனால் ஆஃபர் விலையில் வாங்கியவர்களுக்குப் பொருந்தாதாம். பில்லை எடுத்து மூன்று தடவை படித்தேன். முன்பக்கம், பின்பக்கம் எங்கேயும் அப்படி ஒரு வரி இல்லை. அவர்கள் முதலில் அனுப்பிய கொட்டேஷனிலும் இல்லை.

நுகர்வோர் பக்கம்:

இல்லாதது நல்லதே. வாங்கும்போது சொல்லாத நிபந்தனையை வாங்கிய பிறகு காட்டுகிறார்கள். தெரியப்படுத்த வேண்டிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு என்று சட்டத்தின் 2(11) பிரிவிலேயே இருக்கிறது. அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். 1915க்குப் பேசினீர்களா?

அறந்தாங்கி டிடிபி:

பேசினேன். வெள்ளிக்கிழமை புகார் பதிவானது, எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. நீங்கள் சொன்ன மாதிரி தமிழ் பற்றிய கேள்வியையும் பதிலையும் முன்னால் வைத்தேன், புது வெர்ஷன் விஷயத்தை அடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு டீலர் அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசினார். முன்பு பேசிய பையன் இல்லை, பெரியவர். மரியாதையாகத்தான் பேசினார். அப்கிரேடில் பாதியை நாங்கள் போட்டுக்கொள்கிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார். ஒரு நிமிடம் மனசு சரி என்றுதான் சொன்னது. ஜிஎஸ்டியோடு 23,010, அதில் பாதி என்றால் பதினோராயிரத்துச் சொச்சம், சித்திரையில் சம்பாதித்துவிடலாம். அப்புறம் கேட்டேன், "நான் கேட்டது இரண்டு கேள்வி. இரண்டுக்கும் தப்பான பதில் கொடுத்தது நீங்கள். பாதியை நான் ஏன் கட்ட வேண்டும்?" அவர் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். என்ன முடிவானாலும் மெயிலில் அனுப்புங்கள், போனில் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சேல்ஸில் இருந்த தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்தத் திண்டுக்கல் ஸ்டுடியோக்காரர் நம்பர் உங்களிடம் இருந்தால் ஒரு போன் செய்யுங்கள். எனக்கு அந்தப் பையன் ஒரு தடவை போன் செய்து, "எனக்கே தெரியாது மேடம்" என்று சொல்லியிருந்தால்கூட இந்தக் கோபத்தில் பாதி போயிருக்கும்.

பழைய சேல்ஸ்காரன்:

நம்பர் இருக்கிறது அக்கா. நாளைக்குப் பேசுகிறேன்.

அறந்தாங்கி டிடிபி:

சரி தம்பி. டீலர் மெயில் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன், வராவிட்டால் திங்கட்கிழமை புதுக்கோட்டைக்குப் போகிறேன். வக்கீல் சார், பில், வாட்ஸ்அப் படங்கள், கம்பெனியின் மெயில், 1915இல் கொடுத்த புகார் எண் இவை போக வேறு எதுவும் எடுத்துப் போக வேண்டுமா? வீடியோவை பென் டிரைவில் போட்டுவிட்டேன்.